மறுகால் பாய்ந்த தீபாவளி

அறுபதைத் தாண்டிய என் கூட்டாளிகளே, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருப்பவர்களே, கொஞ்சம் எழுந்து உட்காருங்கள். இதைப் படுத்துக்கொண்டு கேட்க முடியாது. சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். "இதை மட்டும் சொல்லாதீங்கம்மா, உங்களுக்கு பிரஷர் ஏறுது" என்று என் மகள் கையெடுத்துக் கும்பிடுகிறாள். ஏறினால் ஏறட்டும். மாத்திரை எதற்கு இருக்கிறது?

இன்றைக்கு விருதுநகரில் குழாயில் தண்ணீர் வந்தால் தெருக்காரிகளில் ஒருத்தி போனில் 'வந்துருச்சு' என்று போடுகிறாள். உடனே அத்தனை வீட்டிலும் மோட்டார் கத்துகிறது. நான் பிறந்த ஊரில் தண்ணீர் வருகிற சேதி வேட்டுச் சத்தமாக வரும். நம்புங்கள், நிஜமாகவே வேட்டுதான். மருந்து இடித்துத் திணித்து, திரி வைத்து, தீ வைத்து வெடிக்கிற வேட்டு.

எங்கள் ஊர் சாத்தூருக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் நடுவில் இருந்தது. வைப்பாற்றில் வெள்ளம் வந்தால் ஒரு கால்வாய் வழியாகத் தலைக்கண்மாய்க்குத் தண்ணீர் போகும். அந்தக் கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் கலுங்கு என்கிற கல்கட்டுக்கு மேலாக வழிவதைத்தான் மறுகால் பாய்கிறது என்போம். கலுங்குக்குக் கீழே இரண்டு ஓடைகள் பிரியும். ஒன்று கிழக்கே எங்கள் கண்மாய்க்கு வரும், இன்னொன்று தெற்கூர்க் கண்மாய்க்குப் போகும். இரண்டு ஓடையின் வாயிலும் மண்ணைப் போட்டு அடைத்து வைத்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் இரண்டு கண்மாயுமே முழங்காலளவு நனைந்து காய்ந்துபோகும். அம்புட்டுத்தான் தண்ணீர்.

அதனால் ஒரு முறை வைத்திருந்தார்கள். மறுகால் பாய்ந்ததும் தலைக்கண்மாய்க்காரர்கள் கலுங்கு மேல் நின்று ஒரு வேட்டுப் போடுவார்கள். சத்தம் கேட்டதும் எங்கள் ஊர் ஆள் மம்பட்டியோடு போய் எங்கள் வாயை வெட்டிக்கொள்ளலாம். முதல் உரிமை எங்களுக்கு. விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் காத்திருப்பார்கள். அதற்குள் போகவில்லை என்றால் எங்களுக்குத் தண்ணீர் தேவையில்லை என்று எடுத்துக்கொண்டு தெற்கு வாயை வெட்டிவிடுவார்கள். ஒரு தடவை வெட்டிய வாயை அந்த வருஷம் அடைக்கக் கூடாது, இன்னொன்றைத் திறக்கவும் கூடாது. யார் எழுதி வைத்தார்கள் என்று கேட்காதீர்கள், யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

இந்த முறையில் ஓர் ஓட்டை இருந்தது. பட்டாசுக் கம்பெனிகளுக்கு நடுவில் குடியிருந்துகொண்டு, வருஷத்தில் ஒரு நாள் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை வேட்டுப் போடுகிற ஜனங்கள், தண்ணீருக்கும் வேட்டையே அடையாளமாக வைத்திருந்தார்கள். அந்த ஒரு நாளில் மறுகால் பாய்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு பெரிய மனுஷருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு உயிரே போய்விட்டது.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எனக்கு நாலு வயது மூத்தவள். சாத்தூர் பெரிய பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படித்தாள். எங்கள் தெருவிலிருந்து பஸ் ஏறிப் படிக்கப் போன முதல் பெண் பிள்ளை அவள்தான். இரண்டு வருஷமாக மழை பொய்த்து எங்கள் கண்மாயில் ஆடு மேய்ந்தது. ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் விடிவதற்கு முன்னால் கம்பெனி வண்டி ஏறிப் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் போனார்கள். தூக்குவாளியும் தூக்கக் கலக்கமுமாக அவர்கள் ஏறுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்களில் சிலர் ஏறியும் இருப்பீர்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஆள் பிடிக்கிற ஏஜெண்ட் எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார். அவர் போனதும் அப்பா அக்காவைக் கூப்பிட்டார்.

"இந்தா பாரு தாயி. நம்ம கண்மாய் பெருகுச்சுன்னா நீ பள்ளிக்கூடம் போ, நான் குறுக்க நிக்கல. பெருகலைன்னா தீபாவளி கழிச்சுக் கம்பெனி திறக்கையில வண்டி ஏறிரு. எனக்கு வேற வழி தெரியல."

அக்கா அழவில்லை. "சரிப்பா" என்றாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு தலைக்கண்மாய்க் கரைக்கு ஓடுவாள். தண்ணீர் கலுங்குக் கல்லுக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று பார்ப்பாள். அடைமழை பிடித்தது. கம்பெனிக்காரர்கள் சீசன் நேரத்தில் சரக்குக் காய வெயில் இல்லையே என்று வானத்தைத் திட்டினார்கள். நாங்கள் அதே வானத்தைக் கும்பிட்டோம். ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஏறியது. தீபாவளிக்கு முதல் நாள் மழை விட்டது, தண்ணீர் கல்லுக்கு ஒரு சாண் கீழே நின்றது. ஐயோ, அந்த ஒரு சாண்! அக்கா கல்லைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

பெரியப்பாதான் எங்கள் ஊருக்குத் தண்ணீர் விவகாரமெல்லாம் பார்ப்பவர். "இனி ரெண்டு நாளாகும். அப்பிடியே நாளைக்குப் பாய்ஞ்சாலும் என்ன? ஆயிரம் வெடிக்கு நடுவுல கலுங்கு வேட்டு எதுன்னு என் காதுக்குத் தெரியாதா?" என்று மீசையைத் தடவிக்கொண்டார். ஊரே அந்தக் காதை நம்பியது.

விடிந்தது தீபாவளி. எண்ணெய்க் குளியல், எனக்குக் கத்தரிப்பூ நிறத்தில் பாவாடை, அக்காவுக்கு முதல் தாவணி. கம்பெனிக்குப் போகிற வீடுகளில் போனஸாக வந்த பட்டாசு பெட்டி பெட்டியாக இருந்தது. ஊசிவெடி, ஓலைவெடி, சரவெடி, அணுகுண்டு என்று தெரு முழுக்கப் புகை. ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குக் கேட்கவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்தும் டமார் டமார் என்று வந்துகொண்டே இருந்தது. மத்தியானம் கறிச்சோறு. சாப்பிட்ட கையோடு அப்பா உட்பட ஊர் ஆண்கள் எல்லோரும் சாத்தூருக்குப் புதுப்படம் பார்க்க பஸ் ஏறிவிட்டார்கள். பெரியப்பா மட்டும் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு, தலைக்கண்மாய் இருக்கிற திசைக்குக் காதைக் கொடுத்துப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் காதைத் தாண்டி ஒரு குறட்டை கிளம்பியது பாருங்கள், அதற்கு முன்னால் அணுகுண்டு தோற்றுவிடும்.

சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. அப்போது சைக்கிள் மணி அடித்துக்கொண்டே சாத்தூர் மாமா வந்தார். எங்கள் மிளகாய் வத்தலை வாங்குகிற வியாபாரி. முஸ்லிம் என்றாலும் அப்பாவை மச்சான் என்றும் அம்மாவைத் தங்கச்சி என்றும்தான் கூப்பிடுவார். ரம்ஜானுக்கு நாங்கள் அங்கே போவோம், தீபாவளிக்கு அவர் இங்கே வருவார். பஸ் ரோட்டைச் சுற்றாமல் கண்மாய்க் கரை வழியாகவே சைக்கிளில் வந்துவிடுவார்.

அம்மா அதிரசத் தட்டோடு வந்தார். "வாங்கண்ணே. என்ன இம்புட்டு நேரங்கழிச்சு வர்றீக? சாப்பாடு ஆறிப்போச்சு."

மாமா தட்டைக் கையில் வாங்கவே இல்லை. அங்குமிங்கும் பார்த்தார். "மச்சான் எங்கன தங்கச்சி? ஆம்பளைக ஒருத்தரையும் காணோம்? அங்க மறுகால் போய்க்கிட்டிருக்கு. நீங்க அதிரசம் தின்னுக்கிட்டிருக்கீக!"

"மறுகாலா? வேட்டுச் சத்தம் கேக்கலையேண்ணே!"

"மத்தியானமே போட்டாச்சாம். மேற்க மலையில நேத்து நல்ல மழையாம், ஆத்துல புதுத் தண்ணி வந்திருக்கு. தெற்கூர்க்காரக மம்பட்டியோட வந்து உக்காந்திருக்காக. பொழுது எப்படா அடையும்னு பாத்துக்கிட்டிருக்காக."

அம்மாவின் கையிலிருந்து தட்டு நழுவி விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு எழுந்த பெரியப்பா, "என்ன, வேட்டா?" என்றார். அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் நேருக்கு நேர் பேசினார். "ஆமா, இப்பத்தான் கேட்டுச்சாக்கும்!"

அதற்குள் அக்கா சைக்கிளின் கேரியரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "மாமா, மிதிங்க. எங்க ஊரு ஆள் ஒருத்தராவது அங்கன நிக்கணும். மிதிங்க மாமா!" நான் விடுவேனா? முன்கம்பியில் தொற்றிக்கொண்டேன். அம்மா தெருவில் இறங்கி, "ஏ, வாங்கடி எல்லாரும்! மம்பட்டி எடுங்கடி! மறுகால் போகுதாம்!" என்று கத்தியது எங்களுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. பெண்கள் என்னவோ ஏதோவென்று கதவைத் திறந்தார்கள். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு கூச்சல் கேட்டால் கம்பெனியில் விபத்தோ என்றுதான் முதலில் நினைப்போம். தண்ணீர் என்று தெரிந்ததும் அத்தனை பேரும் சேலையை வரிந்து கட்டினார்களாம். அம்மா பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சைக்கிள் சவாரியைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மாமா கனத்த மனுஷர், கரைப்பாதை முழுக்கச் சேறு. சைக்கிள் இந்தப் பக்கம் வழுக்கும், அந்தப் பக்கம் வழுக்கும். ஒரு பக்கம் தலைக்கண்மாய் நிறையச் செம்மண் தண்ணீர், இன்னொரு பக்கம் கருவேல முள். "விழுந்தா தண்ணிப் பக்கம் விழுங்க மாமா" என்று நான் கத்த, "ஏத்தா, வாயை மூடிக்கிட்டு வா, எனக்கு மூச்சு வாங்குது" என்று அவர் கத்த, அக்கா பின்னாலிருந்து அவர் முதுகில் குத்திக்கொண்டே வந்தாள். சூரியன் பனைமரத்து உயரத்துக்கு இறங்கிவிட்டது. எனக்குப் பயமா, ஆனந்தமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கலுங்கை முதலில் காதுதான் பார்த்தது. ஹோ என்று ஓர் இரைச்சல். பிறகு கண்ணுக்குத் தெரிந்தது. கல்லுக்கு மேல் ஒரு முழத்துக்குத் தண்ணீர் வழுவழுவென்று வளைந்து விழுந்துகொண்டிருந்தது. கீழே பள்ளம் நிறைந்து, இரண்டு ஓடை வாயிலும் மண்ணை முட்டிக்கொண்டு நின்றது. கரையில் தெற்கூர் ஆண்கள் மம்பட்டியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கண்மாய்ப் பெரியவர் வெள்ளை வேட்டியில் ஒரு கல்லின் மேல் இருந்தார்.

அக்கா குதித்து இறங்கினாள். "தாத்தா, எங்க ஊருல இருந்து வந்துட்டோம். வாயை வெட்டிக்கிறோம்."

பெரியவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "யாரு பிள்ளை நீ? ஊர்ல ஆம்பளைக இல்லையா? வேட்டுப் போட்டு எம்புட்டு நேரமாச்சு?"

"இன்னைக்கு எந்த வேட்டு எங்களுக்குன்னு எப்பிடித் தாத்தா தெரியும்? ஊரே வெடிச்சுக்கிட்டு இருக்கு. அதான் இன்னும் விளக்கு வைக்கலையே, நேரத்துக்குத்தான வந்திருக்கோம்?"

"அது சரி. சின்னப் பிள்ளைகளை அனுப்புனா முறையாகுமா?" என்று பெரியவர் இழுத்தார். தெற்கூர்க்காரர் ஒருவர் எழுந்தார். "விளையாடுறாகளா? மத்தியானத்துல இருந்து உக்காந்திருக்கோம். பொழுது அடையப் போகுது. நீங்க சொல்லுங்கய்யா, நாங்க வெட்டுறோம்."

"வேட்டுச் சத்தம் கேட்டா எங்க ஊரு ஆள் வரணும். அம்புட்டுத்தான முறை? எந்த வயசுன்னு சொல்லியிருக்கா, ஆம்பளைன்னு சொல்லியிருக்கா?" அக்காவின் குரல் நடுங்கியது. எனக்கு அவள் அழப் போகிறாள் என்று தோன்றியது. அவள் விறுவிறுவென்று எங்கள் வாய்க்கு மேல் ஏறி, புதுத் தாவணியை இடுப்பில் செருகி, மண்டியிட்டு, இரண்டு கையாலும் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தாள்.

நானும் ஓடிப்போய்ப் பறித்தேன். களிமண் நகத்துக்குள் ஏறியது. மாமா, "யா அல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினார், ஆனால் கை வைக்கவில்லை. அவர் வெளியூர்க்காரர், அவர் தொட்டால் வம்பாகிவிடும். கரையில் எல்லோரும் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தார்கள். முறையா இல்லையா, பிள்ளையா பெரியவளா என்று அவர்கள் பேசி முடிப்பதற்குள், எங்கள் கைக்கு நடுவில் விரல் தடிமனுக்கு ஒரு கசிவு கிளம்பியது. அவ்வளவுதான், மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. விரல் தடிமன் கை அகலமானது, கை அகலம் முழமானது, கரையிலிருந்து பாளம் பாளமாக மண் பெயர்ந்து விழுந்தது. மாமா எங்கள் இருவரையும் பின்னலைப் பிடித்து இழுக்காவிட்டால் நாங்களும் அதோடு போயிருப்போம்.

தெற்கூர்க்காரர் மம்பட்டியை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார். "அடைங்கடா அதை!"

பெரியவர் கையை உயர்த்தினார். "வெட்டின வாயை அடைக்கக் கூடாது. எறக்கு மம்பட்டியை." சரியாக அந்த நேரத்தில் அம்மாவும் எங்கள் ஊர்ப் பெண்களும் கரையில் ஏறி வந்து சேர்ந்தார்கள். பட்டுச் சேலையும் மல்லிகைப் பூவும் தோளில் மம்பட்டியுமாக அத்தனை பெண்களை அந்தக் கலுங்கு அதற்கு முன் பார்த்திருக்காது. தெற்கூர்க்காரர்கள் எழுந்து போனார்கள். நாங்கள் கைகொட்டிச் சிரித்தோம்.

அப்புறம் ஓட்டம்! ஓடையின் காய்ந்த தரையில் தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு முன்னேற, அதற்கு ஓரெட்டு முன்னால் நாங்கள் ஓடினோம். தண்ணீர் ஓரிடத்தில் நின்று யோசிக்கும், பள்ளத்தை நிரப்பும், பிறகு திடீரென்று பாயும். காய்ந்த சாணி, கருவேலங்காய், தேள், எலி எல்லாம் அதன் முன்னால் மிதந்து வந்தன. ஊரை நெருங்கியபோது தெருவில் வெடித்த பட்டாசுக் காகிதமும் சேர்ந்துகொள்ள, எங்கள் கண்மாய்க்குள் முதலில் நுழைந்த தண்ணீர் சிவப்புக் காகிதமாக நுழைந்தது. வெடிமருந்து வாசனையும் புதுத் தண்ணீர் வாசனையும் கலந்து வந்தது. அந்த வாசனைக்கு ஈடாக இந்த உலகத்தில் எதைக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

படம் விட்டு வந்த ஆண்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கரையில் ஏறிப் பார்த்தார்கள். பெரியப்பா கட்டிலைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்து, "நான்தான் அவளுகளை அனுப்புனேன்" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்பா அக்காவிடம் போனார். அவளுடைய தாவணி முழுக்கச் சேறு, நகத்தோரம் ரத்தம். அவள் கையை எடுத்துப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை பள்ளிக்கூடம் உண்டா?" என்று கேட்டார். அக்கா அப்போதுதான் அழுதாள், அப்படி ஓர் அழுகை.

இத்தனை வருஷமாக நான் கதையை இங்கேதான் முடிப்பேன். கேட்பவர்கள் கைதட்டுவார்கள்.

போன மாதம் பேத்திக்குக் காதுகுத்து. அதற்கு வந்த சம்பந்தியம்மா எங்கள் வீட்டில் தங்கினார். எங்கள் பிள்ளைகள் தாங்களே பார்த்து முடித்துக்கொண்ட கல்யாணம், அதனால் பூர்வீகமெல்லாம் விசாரிக்கவில்லை. சிவகாசிக்காரர் என்று மட்டும் எனக்குத் தெரியும். நல்ல மனுஷி. எங்காவது சேர்ந்து கிளம்பினால், "அந்த பஸ் எந்த ஊருக்குப் போகுதுன்னு பாருங்க" என்று என்னைத்தான் கேட்பார். கண் மங்கிவிட்டது போல என்று நானும் கண் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை பூண்டு உரித்துக்கொண்டே அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சைக்கிள், கலுங்கு, அக்கா மண்ணைப் பறித்தது எல்லாவற்றையும் எழுந்து நின்று நடித்தே காட்டினேன். தெற்கூர்க்காரர்கள் எழுந்து போனதைச் சொல்லிக் கைகொட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"அது எந்தத் தீபாவளி மதினி? கத்தரிப்பூக் கலர்ல துணி எல்லாக் கடையிலயும் வந்துச்சே, அந்த வருஷமா?"

"அதேதான். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கும் எடுத்தாக." பூண்டுப் பல் ஒன்றை உரித்து முடித்துக் கிண்ணத்தில் போட்டார். "நான் தெற்கூருல பிறந்தவ. எங்க கண்மாய்க்கரையிலதான் அன்னைக்கு நாங்க எல்லாரும் நின்னுக்கிட்டிருந்தோம், இப்ப வந்துரும் இப்ப வந்துரும்னு. இருட்டுன பிறகு அப்பா வெறும் மம்பட்டியோட வந்தாக. 'கிழக்கூருக்காரிக வெட்டிட்டாளுக'ன்னு அந்த ஒரு வார்த்தைதான் சொன்னாக. சாப்பிடல. கம்பெனி திறந்த அன்னைக்கு நான் வண்டி ஏறிட்டேன். அஞ்சாப்புப் பாதியில. படிச்ச எழுத்தும் அதோட மறந்துபோச்சு."

அந்த பஸ் போர்டுகள் எல்லாம் என் கண் முன்னால் வரிசையாக வந்தன. கண் ஆஸ்பத்திரிக்கு நான் கூப்பிட்டபோதெல்லாம் அவர் எப்படிச் சிரித்து மழுப்பினார் என்பதும் ஞாபகம் வந்தது. எனக்கு வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது. நாங்கள் என்ன தப்புச் செய்தோம்? முறைப்படிதான் வெட்டினோம். அவர்களும் முறைப்படிதான் காத்திருந்தார்கள்.

"மதினி" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "உங்க அக்கா அப்புறம் படிச்சாகளா?"

"படிச்சா. டீச்சராகி, ஹெட்மாஸ்டராகி, ரிட்டையர் ஆயிட்டா."

சம்பந்தியம்மா தலையை ஆட்டினார். கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"அதாச்சும் நடந்துச்சே" என்றார்.